மோட்டார் சைக்கிள் பிரேக் டிஸ்க்: உங்கள் கம்ப்யூட்டரில் வடிவமைத்துப் பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் கடிதம் டைப் செய்வது, போட்டோக்களைச் சேமிப்பது, பாட்டு கேட்பது, கேம்ஸ் விளையாடுவது ஆகியவற்றுடன் நின்று விடுகின்றனர். இஞ்சினியரிங் வடிவமைப்பு என்றால் அது பெரிய நிறுவனங்களின் வேலை, அதற்குத் தனியாக விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. ஒரு காலத்தில் இது உண்மைதான். இன்று வீட்டில் உள்ள சாதாரண கம்ப்யூட்டரிலேயே, கட்டணம் எதுவும் செலுத்தாமல், ஒரு பொருளை வரைந்து அது எவ்வளவு சூடாகும், எங்கே உடையும் எனச் சோதித்துப் பார்க்கலாம். இதற்கு எடுத்துக்காட்டாக, தினமும் நம் கண்ணில் படும் ஒரு பொருளை எடுத்துக் கொள்வோம். அது மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் உள்ள பிரேக் டிஸ்க்.

வண்டி நிற்கும்போது அதனைச் சற்றுக் குனிந்து பாருங்கள். தட்டு போன்ற ஒரு வளையம். கனம் 4 மில்லி மீட்டர் அளவில் இருக்கும். உடம்பெல்லாம் ஓட்டைகள். நடுவில் சில கைகள் நீண்டு, போல்ட் மூலம் சக்கரத்துடன் இணைந்திருக்கும். வண்டியில் செல்பவர்களின் உயிர், பிரேக் பிடிக்கும் அந்தச் சில விநாடிகள் இந்தத் தட்டை நம்பித்தான் இருக்கிறது. அப்படியிருக்க அதில் ஏன் இத்தனை ஓட்டைகள் போட வேண்டும்? ஓட்டை போட்டால் பலம் குறையாதா? குறையும். வெப்பத்தை வெளியேற்றுவதும் பலமாக இருப்பதும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் இரண்டு தேவைகள். டிஸ்க் வடிவமைப்பு என்பது இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான். இதனை முதலில் ஒர்க் ஷீட்டிலும், பிறகு வரைபட புரோகிராமிலும் பார்க்கலாம்.

பிரேக் என்ன செய்கிறது?

பிரேக் வண்டியின் வேகத்தை விழுங்கி விடுவதில்லை. அதனை வெப்பமாக மாற்றுகிறது. ஓடும் வண்டிக்கு ஓர் ஆற்றல் உண்டு. எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கலாம். இந்த ஆற்றல் முழுவதும் நிற்கும் முன் எங்காவது போயாக வேண்டும். பெரும்பகுதி டிஸ்க்கிற்குள் வெப்பமாக இறங்குகிறது.

எக்ஸெல் புரோகிராமைத் திறந்திடுங்கள். அது இல்லை எனில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். (கீழே செல்களின் பெயர்களைத் தமிழில் தந்துள்ளோம். டைப் செய்கையில் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்தவும்.) ஏ நெட்டு வரிசையில் பெயர்களையும் பி நெட்டு வரிசையில் எண்களையும் அமைக்கலாம். பி1 செல்லில் வண்டி, ஓட்டுபவர், பின்னால் அமர்ந்தவர் மூவரின் மொத்த எடை 290 கிலோ. பி2 செல்லில் வேகம் மணிக்கு 80 கிலோ மீட்டர். பி3ல் இதனை விநாடிக்கு மீட்டராக மாற்ற =பி2/3.6 என டைப் செய்திடவும். பி4ல் =0.5*பி1*பி3^2 என அமைத்தால் ஆற்றல் ஜூல் அளவில் கிடைக்கும். விடை ஏறத்தாழ 71,600 ஜூல்.

இது எவ்வளவு? கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமான வெப்பம். அடுப்பில் வைத்தால் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அவசரமாக பிரேக் பிடிக்கையில் நான்கு விநாடிகளில் முடிந்து விடுகிறது. அதாவது சராசரியாக 18 கிலோ வாட். ஒரு வீட்டில் உள்ள எல்லா மின்சாதனங்களையும் ஒரே நேரத்தில் போட்டாலும் இந்த அளவு வராது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் சக்கரமே அதிக வேலை செய்கிறது. அதற்கு 70 சதவீதம் என எடுத்துக் கொண்டு பி5ல் =பி4*0.7 எனத் தரலாம். அடுத்தது டிஸ்க்கின் எடை. வெளி விட்டம் 260 மில்லி மீட்டர், பேட் தேய்க்கும் வளையத்தின் உள் விட்டம் 190, கனம் 4 எனக் கணக்கிட்டால் வளையம் 760 கிராம் அளவில் வரும். ஓட்டைகளைக் கழித்து 650 கிராம் என வைத்துக் கொள்வோம். பி6ல் 0.65 எனத் தரவும். ஒரு கிலோ எஃகினை ஒரு டிகிரி சூடாக்க 460 ஜூல் வேண்டும். இதனை பி7ல் தந்து, பி8ல் =பி5/(பி6*பி7) என அமைத்திடுங்கள். 168 என்ற விடை கிடைக்கும். ஒரே ஒரு முறை பிரேக் பிடித்ததில் டிஸ்க்கின் வெப்பம் 168 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. வெயில் நாளில் 35 டிகிரியில் தொடங்கினால் 203ல் நிற்கிறது. (பேட்களும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக் கொள்ளும் என்பதால் உண்மையில் இது சற்றுக் குறையும்.)

இப்போது பி2ல் 80க்குப் பதிலாக 100 என மாற்றிப் பாருங்கள். வேகம் கால் பங்குதான் கூடியது. வெப்ப உயர்வோ 262 டிகிரி. ஒர்க் ஷீட்டில் கணக்குப் போடுவதன் பயன் இதுதான். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை எல்லாம் தாமாக மாறுகின்றன.

மலைப்பாதையில் வேறு கணக்கு

மேலே பார்த்ததில் டிஸ்க்கின் எடைதான் முக்கியம். நான்கு விநாடிகளில் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்க நேரமில்லை. வந்த வெப்பத்தை டிஸ்க் தன்னுள் வாங்கி வைக்க வேண்டும். கனமான டிஸ்க் குறைவாகச் சூடாகும். அப்படியானால் நல்ல கனமாகச் செய்து விட்டால் பிரச்னை தீர்ந்ததா? இங்கேதான் மலைப்பாதை வந்து கணக்கை மாற்றுகிறது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இது போன்ற பாதையில் 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக் கொள்வோம். நம் 290 கிலோ வண்டி இழக்கும் ஆற்றல் சுமார் 28 லட்சம் ஜூல். 80 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து 40 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். சாலையின் சரிவு 100 மீட்டருக்கு 8 மீட்டர், வேகம் மணிக்கு 30 கிலோ மீட்டர் எனில், விநாடிக்கு 1,900 ஜூல் வீதம் இந்த ஆற்றல் வெளியாகிறது. இரண்டு அயர்ன் பாக்ஸ்கள் 25 நிமிடம் தொடர்ந்து எரிவது போல. இதில் காற்றின் தடையும் டயரின் உருளலும் 550 வாட் வரை எடுத்துக் கொள்ளும். பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் இறங்குபவருக்கு மீதி 1,350 வாட்டும் பிரேக் தலையில்தான். அதில் முன் டிஸ்க்கின் பங்கு ஏறத்தாழ 950 வாட்.

இன்னொரு ஒர்க் ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். பி1ல் டிஸ்க் எடை 0.65. பி2ல் 460. பி3ல் உள்ளே வரும் வெப்பம் 950. பி4ல் வெளியேறும் வெப்பம்: டிஸ்க் காற்றை விட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் விநாடிக்கு எவ்வளவு ஜூல் வெளியேறும் என்ற எண். காற்று, கதிர்வீச்சு, ஹப் வழியாகக் கடத்தப்படுவது எல்லாம் சேர்த்து 3 எனத் தோராயமாகத் தருவோம். பி5ல் மலைக் காற்றின் வெப்பம் 25.

ஏ8 செல்லில் 0 எனவும், பி8ல் =பி5 எனவும் டைப் செய்திடவும். ஏ9ல் =ஏ8+1 எனத் தரவும். ஒவ்வொரு வரியும் ஒரு விநாடி. பி9ல் கீழ்க்காணும் பார்முலாவினை அமைக்க வேண்டும்.

=பி8+($பி$3-$பி$4*(பி8-$பி$5))/($பி$1*$பி$2)

பார்ப்பதற்கு மிரட்டுவது போல இருந்தாலும் சொல்வது எளிமையானது. போன விநாடியின் வெப்பத்துடன், உள்ளே வந்ததில் வெளியே போனது போக மீதமுள்ளதைச் சேர். அவ்வளவுதான். டாலர் அடையாளம் ஏன்? பார்முலாவைக் கீழே காப்பி செய்திடுகையில் பி8 என்பது பி9, பி10 என மாறிக் கொண்டே போகும். நமக்கும் அதுதான் வேண்டும். ஆனால் டிஸ்க்கின் எடையும் காற்றின் வெப்பமும் மாறக் கூடாது. டாலர் அடையாளம் போட்ட செல் எங்கே காப்பி செய்தாலும் அதே செல்லையே காட்டும். புதியவர்கள் பலர் இதனை விட்டுவிட்டு, விடை தாறுமாறாக வருவதைப் பார்த்து எக்ஸெல் மீது பழி போடுவார்கள்.

இனி 1,500 வரிகளுக்கு இதனைக் காப்பி செய்ய வேண்டும். மவுஸால் இழுத்துக் கொண்டு போனால் கை வலிக்கும். பார்முலா கட்டத்தின் இடது ஓரத்தில் செல்லின் பெயர் காட்டும் சிறிய பெட்டியில் ஏ9:பி1508 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்தப் பகுதி முழுவதும் தேர்ந்தெடுக்கப்படும். கண்ட்ரோல் + டி அழுத்தினால் ஒரே நொடியில் அனைத்தும் நிரம்பி விடும். பின் இரண்டு நெட்டு வரிசைகளையும் தேர்ந்தெடுத்து சார்ட் ஒன்றை உருவாக்குங்கள்.

கோடு வேகமாக ஏறி, பின் மெல்ல வளைந்து படுக்கும். 100 விநாடியில் 226 டிகிரி. 600 விநாடியில் 341. அதற்கு மேல் ஏறக்குறைய ஏற்றமே இல்லை. 342ல் நின்று விடுகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் அங்கே சமமாகி விட்டன.

இப்போது பி1ல் எடையை இரண்டு மடங்காக, 1.3 என மாற்றுங்கள். 600 விநாடியில் 326. பரவாயில்லையே எனத் தோன்றும். கடைசி வரிக்குப் போய்ப் பாருங்கள். அதே 342. எடையைக் கூட்டியதால் சூடு தள்ளிப் போனதே தவிரக் குறையவில்லை. எடையைப் பழையபடி 0.65 என வைத்துவிட்டு, பி4ல் 3க்குப் பதில் 3.6 எனத் தாருங்கள். காற்றுப் படும் பரப்பை 20 சதவீதம் கூட்டியதாக இதற்குப் பொருள். இறுதி வெப்பம் 289. ஒரு கிராம் இரும்பு கூடச் சேர்க்காமல் 53 டிகிரி குறைந்து விட்டது. டிஸ்க்கில் ஓட்டைகளும், வெளி விளிம்பில் அலை அலையான வெட்டுகளும் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மழைநீர், தேய்மானத் தூள் ஆகியவற்றை வெளியேற்றவும் அவை உதவுகின்றன.

இன்னும் ஒரு மாற்றம். பி4ஐ 3க்குத் திருப்பி, பி3ல் 560 எனத் தாருங்கள். இது இரண்டாவது கியரில் இறங்கி, இஞ்சினும் 550 வாட் அளவிற்கு வண்டியைப் பிடித்துக் கொள்வதற்கான கணக்கு. இறுதி வெப்பம் 212. எந்த வடிவமைப்பாளரும் இவ்வளவு பெரிய குறைப்பை ஓட்டைகளால் கொண்டு வர முடியாது.

342க்கும் 212க்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம் எனக் கேட்கலாம். டிஸ்க்கின் சூடு பேட் வழியாக காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகிறது. டாட் 3 வகை ஆயில் புதியதாக இருக்கையில் 205 டிகிரியிலும், டாட் 4 வகை 230 டிகிரியிலும் கொதிக்கக் கூடாது என்பது குறைந்தபட்ச அளவு. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஈரம் ஏறிய பின் இந்த அளவுகள் 140, 155 என இறங்கி விடுகின்றன. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி நசுங்கும். லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும், வண்டி நிற்காது. டிஸ்க் உடையாமலேயே பிரேக் போய்விடும் வழி இது.

பலம் என்ற மறுபக்கம்

1969ல் ஹோண்டா சிபி750 வண்டி முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குடன் வந்த பிறகு, மோட்டார் சைக்கிள்களில் இது பரவத் தொடங்கியது. கார்களில் பெரும்பாலும் டிஸ்க் வார்ப்பிரும்பில் செய்யப்படுகிறது. மோட்டார் சைக்கிளில் டிஸ்க் வெளியே கண்ணில் படும் பொருள். துருப்பிடித்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார். மெல்லியதாகவும் இருக்க வேண்டும். எனவே 12 சதவீத அளவில் குரோமியம் கலந்த, சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பயன்படுத்தப்படுகிறது. வீட்டுப் பாத்திரங்களில் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இது அல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் காந்தம் ஒட்டாது, டிஸ்க்கில் ஒட்டும். இந்த எஃகு 500 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடானால் கடினத் தன்மையை இழக்கத் தொடங்கும்.

சூடானால் எல்லா உலோகமும் விரியும். நம் 260 மில்லி மீட்டர் வளையம் 300 டிகிரி உயர்ந்தால் அதன் விட்டம் 0.8 மில்லி மீட்டர் அதிகரிக்கும். இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நடுவில் உள்ள ஹப் அவ்வளவு சூடாகவில்லை. அது விரிய மறுக்கிறது. வெளியே வளையம் தள்ள, உள்ளே போல்ட்கள் பிடித்து இழுக்க, தட்டு ஒரு பக்கமாகக் குடை போலக் குவிகிறது. அப்போது பேட்கள் முழுமையாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் தேய்க்கும்.

வளையத்தை விரியவே விடாமல் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு 100 டிகிரிக்கும் 210 மெகா பாஸ்கல் தகைவு உருவாகும். ஒரு சதுர மில்லி மீட்டர் இடத்தில் 21 கிலோ எடையை வைப்பது போன்றது. ஒப்பிட்டுப் பாருங்கள். அவசர பிரேக்கில் சக்கரத்தை நிறுத்தும் விசை 5 போல்ட்களுக்கும் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் 170 கிலோ அளவில்தான் வருகிறது. ஐந்து நல்ல போல்ட்களுக்கு அது ஒன்றுமே இல்லை. டிஸ்க்கை வளைப்பதும் விரிசல் விடச் செய்வதும் பெரும்பாலும் பிரேக் விசையல்ல, அதனால் வந்த சூடுதான். எனவே வெப்பத்தை ஒதுக்கிவிட்டுப் பலத்தை மட்டும் சோதிக்கும் வடிவமைப்பு பாதி வேலை கூட அல்ல.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. சிறிய வண்டிகளில் கைகளை நேராக வைக்காமல் சாய்வாகவோ வளைவாகவோ அமைப்பார்கள். வளையம் விரிகையில் கைகள் சற்றே வளைந்து இடம் கொடுக்கும். பெரிய வண்டிகளில் வளையத்தையும் நடுப்பகுதியையும் தனித்தனியாகச் செய்து, சிறிய உருளைகளால் தளர்வாக இணைப்பார்கள். இதற்கு ஃப்ளோட்டிங் டிஸ்க் என்று பெயர். விலை கூடும். ஆனால் வளையம் தன் போக்கில் விரிந்து சுருங்கலாம்.

இப்போது ஓட்டைகளுக்கு வருவோம். இழுக்கப்படும் அகலமான தட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என ஜெர்மனியைச் சேர்ந்த கிர்ஷ் 1898லேயே கணக்கிட்டுக் காட்டினார். ஓட்டை சிறியதா, பெரியதா என்பது இங்கே பொருட்டல்ல. மற்ற இடத்தில் 210 எனில் ஓட்டையின் ஓரத்தில் 630. டிஸ்க் எஃகு ஏறத்தாழ 1,000 மெகா பாஸ்கல் வரை தாங்கும் என்றாலும், இது ஒரு முறை அல்ல, ஆயிரக்கணக்கான முறை வந்து போகும் சுமை. சூடான மேற்பரப்பு விரிய முடியாமல் நசுங்குகிறது. குளிர்ந்ததும் சுருங்க முடியாமல் இழுபடுகிறது. பழைய டிஸ்க்குகளில் விரிசல் ஓட்டையின் ஓரத்திலிருந்து தொடங்குவது இதனால்தான். ஓட்டை விளிம்புகளின் கூர்மையை வடிவமைப்பாளர்கள் சரித்து எடுத்து விடுவதும், ஓட்டைகளை வளையத்தின் ஓரத்திற்கு மிக அருகில் வைக்காததும், ஒரே நேர்க்கோட்டில் அடுக்காமல் சுழல் போலப் பரப்புவதும் இதற்காகவே. சுழல் அமைப்பினால் பேட்டின் எல்லாப் பகுதியும் சீராகத் தேய்கிறது என்பது கூடுதல் நன்மை.

லேத் பட்டறையில் கொடுத்து, "அழகாக இருக்கும்" என்று டிஸ்க்கில் கூடுதலாக ஓட்டை போட்டுக் கொள்பவர்கள் உண்டு. எடை குறைகிறது, அதனால் ஒரே நிறுத்தத்தில் சூடு கூடுகிறது, புதிய ஓட்டையின் ஓரம் கூர்மையாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்த ஆபத்து இது.

திரையில் வரைந்து சோதிக்க

ஒர்க் ஷீட்டில் டிஸ்க் முழுவதும் ஒரே வெப்பத்தில் இருப்பதாக நினைத்துக் கொண்டோம். எந்த ஓட்டையின் ஓரம் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அறிய வேறு வழி வேண்டும். பொருளை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிற்கும் எளிய சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கும் முறை அது. விமானச் சிறகுகளைக் கணக்கிட போயிங் நிறுவனத்தில் நடந்த பணியிலிருந்து 1950களில் இது வளர்ந்தது. அதில் பங்கு கொண்ட ரே கிளஃப் 1960ல் இதற்கு ஃபைனைட் எலிமெண்ட் எனப் பெயரிட்டார். அன்று அறை நிறையக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

இன்று ஃப்ரீகேட் என்ற இலவச புரோகிராம் போதும். 2002ல் தொடங்கிய இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில்தான் வெளியானது. அவசரமில்லாமல் வளர்ந்த புரோகிராம் எனலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும்.

முதலில் பார்ட் டிசைன் பிரிவில் வட்டங்களும் கைகளும் கொண்ட ஸ்கெட்ச் ஒன்றை வரைந்து, பேட் என்ற கட்டளை மூலம் 4 மில்லி மீட்டர் கனம் தர வேண்டும். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது பிரேக் பேட் அல்ல.) ஓர் ஓட்டையை மட்டும் பாக்கெட் கட்டளையால் வெட்டி, போலார் பேட்டர்ன் மூலம் அதனை வட்டமாகப் பெருக்கலாம். பின் எஃப்.இ.எம். பிரிவிற்குச் சென்று, உலோகம் எது, எங்கே போல்ட் பிடிக்கிறது, எங்கே வெப்பம் வருகிறது, எங்கே காற்றில் வெளியேறுகிறது எனச் சொல்ல வேண்டும். ஜிமெஷ் என்ற துணைப் புரோகிராம் டிஸ்க்கைத் துண்டுகளாக்கும். கால்குலிக்ஸ் என்ற மற்றொன்று கணக்கைத் தீர்க்கும். விமான இஞ்சின் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் உருவாக்கி இலவசமாகத் தந்துள்ளது இது.

துண்டின் அளவைப் பாதியாக்கினால் துண்டுகளின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். ராம் மெமரி குறைவான கம்ப்யூட்டர் திணறி நின்று விடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஐந்து கைகள் கொண்ட டிஸ்க் எனில், முழுவதையும் வரையாமல் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, வெட்டிய பக்கங்கள் ஒன்றுபோல நடந்து கொள்ளும்படி அமைக்கலாம். ஓட்டைகளின் ஓரத்தில் மட்டும் துண்டுகளைச் சிறிதாக்கினாலும் போதும்.

கணக்கு முடிந்ததும் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என டிஸ்க் ஜொலிக்கும். இங்கே நிதானம் தேவை. சிவப்பு என்றால் ஆபத்து என்று பொருளல்ல. அந்தப் படத்தில் உள்ள மிக அதிக அளவு எங்கே என்பதைத்தான் அது காட்டுகிறது. 5 மெகா பாஸ்கல் மட்டும் உள்ள டிஸ்க்கிலும் சிவப்பு இருக்கும். பக்கத்தில் உள்ள அளவுகோலின் எண்களைப் படியுங்கள். டிஸ்க் முறுக்கிக் கொண்டு வளைந்திருப்பது போலத் தெரிவதும் கண்ணுக்குப் புலப்படுவதற்காகப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டப்படுவதே.

இன்னொரு பொறியும் உண்டு. போல்ட் ஓட்டைகள் எல்லாவற்றையும் அசையாதவை என அமைத்து விட்டால், வளையம் விரியும்போது அவை பாறை போல எதிர்த்து நிற்கும். கம்ப்யூட்டர் அதனையும் கேள்வி கேட்காமல் கணக்கிட்டு, பயமுறுத்தும் எண்ணைத் தரும். உண்மையான ஹப் கொஞ்சம் சூடாகிக் கொஞ்சம் விரியும். அதே போலக் கூர்மையான உள் மூலை ஒன்றை வரைந்திருந்தால், துண்டைச் சிறிதாக்க ஆக்க அங்கே தகைவு ஏறிக் கொண்டே போகும். ஒரு விடையில் நிற்காது. மூலையைச் சற்று வளைவாக்கினால் எண் ஓரிடத்தில் நிலைக்கும். எனவே இரண்டு அளவுகளில் துண்டாக்கி, இரண்டு விடைகளும் நெருங்கி வருகின்றனவா எனப் பார்ப்பது வழக்கம். டிஸ்க்கின் சராசரி வெப்பம் நம் ஒர்க் ஷீட் தந்த 203க்கோ 342க்கோ அருகில் இல்லையென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கோ ஓர் எண் தவறாகத் தரப்பட்டுள்ளது.

இப்படி வரைந்ததை வெட்டி எடுத்து வண்டியில் மாட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் அதனை விட்டு விடுங்கள். நிறுவனங்கள் திரையில் தேர்வான டிஸ்க்கை இயந்திரத்தில் சுழற்றி, திரும்பத் திரும்ப பிரேக் பிடித்துச் சோதித்த பிறகுதான் சாலைக்கு அனுப்புகின்றன. பேட்டின் உராய்வு சூட்டில் எப்படி மாறும், மழையில் என்ன ஆகும் என்பவற்றை நாம் இங்கே சேர்க்கவே இல்லை.

ஆனால் ஒரு கணக்கை உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்க்கலாம். டிஸ்க்கின் மேல் குறைந்தபட்ச கனம் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 4 மில்லி மீட்டர் டிஸ்க் எனில் பெரும்பாலும் 3.5 என இருக்கும். அரை மில்லி மீட்டர்தானே என மெக்கானிக் சொன்னாலும் மாற்றத் தயங்குபவர்கள் பலர். முதல் ஒர்க் ஷீட்டைத் திறந்து, பி6ல் 0.65க்குப் பதிலாக 0.569 எனத் தாருங்கள். அரை மில்லி தேய்ந்த பின் டிஸ்க்கின் எடை இதுதான். 80 கிலோ மீட்டர் வேகத்தில் 168 டிகிரியாக இருந்த உயர்வு 191 ஆகியிருக்கும். வேகத்தை 100 என மாற்றினால் 299.